வலி தெரியாத கால்

என் மகளின் இடது காலைக் கெடுத்தவன் நான்தான். நோய் அல்ல, தலையெழுத்து அல்ல, ஏரியும் அல்ல. நான்!

இதைப் படிக்கிற நீங்கள், "பெற்ற மனம் அப்படித்தான், தன்னையே நொந்துகொள்ளும்" என்று எனக்காக ஒரு பெருமூச்சு விடத் தயாராகியிருப்பீர்கள். வேண்டாம். அதை வேறு யாருக்காவது வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் செய்தவனுக்குத்தான் பரிதாபம். எனக்குத் தெரியும். ஒரு மருத்துவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். கேட்டுக்கொண்டேன், தலையையும் ஆட்டினேன். அதற்குப் பிறகு மூன்று வருடம் நான் வாயைத் திறக்கவில்லை.

முதலில் எங்கள் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது.

நாங்கள் பழவேற்காடு ஏரிக்கரைக்காரர்கள். படகும் வலையும் வைத்திருப்பவர்கள் வேறு. எங்களுக்கு வலை இந்த இரண்டு கைகள்தான். தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து, பனையோலைப் பறியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, ஆணும் பெண்ணுமாக வரிசையில் ஏரிக்குள் இறங்குவோம். உட்கார்ந்தும் தவழ்ந்தும் சேற்றைத் தடவி, அகப்படுகிற இறாலையும் நண்டையும் பறிக்குள் போடுவோம். கரையேறும்போது பறி கனத்தால் அன்று நல்ல நாள்.

அந்த வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் நடப்பவருக்குத்தான் கலங்காத சேறு. இறால் அசையாமல் கிடக்கும், அள்ளிக்கொள்ளலாம். பின்னால் வருகிறவர்களுக்கு அவர் விட்டுவைத்ததுதான் மிச்சம். ஆனால் சிப்பியின் விளிம்பும் கெளுத்தியின் முள்ளும் முதலில் நடப்பவர் காலுக்குத்தான். கெளுத்தி முள் ஏறினால் எப்பேர்ப்பட்ட ஆம்பிளையும் ஊரைக் கூட்டிவிடுவான். அதனால் முன்னால் போக யாரும் சண்டை போடுவதில்லை. துணிந்தவர் போவார். அவருக்கு ஒரு மரியாதை இருக்கும். கரையேறியதும் எல்லோரும் அவர் பறியைத்தான் எட்டிப் பார்ப்பார்கள்.

நான் எப்போதும் கடைசி.

பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவன் நான். எங்கள் தெருவில் அது பெரிய படிப்பு. ஆனால் ஏரி மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதில்லையே! என் கைக்கு இறால் தெரியாது. நண்டின் கொடுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று யோசிப்பதற்குள் அது கடித்துவிட்டுப் போய்விடும். கதைப் புத்தகம் படிக்கிறவன் என்பதால் எனக்கு 'வாத்தியார்' என்று பட்டப்பெயர். "இன்னா வாத்தியாரே, எறாலுக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் எட்த்துட்டியா?" என்று பெண்கள்கூடக் கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளே எரியும்.

என் மனைவி கோவிந்தம்மாவின் கை அப்படியல்ல. எங்கள் வீட்டு அடுப்பு அவள் கையால்தான் எரிந்தது. எங்கள் ஒரே மகள் அமுலு வயிற்றில் இருந்தபோதுகூட, குனிய முடிகிற வரைக்கும் அவள் ஏரியில் இறங்கினாள். யாரும் அதைத் தப்பு என்று அப்போது சொல்லவில்லை. எல்லாப் பெண்களும் செய்ததுதான்.

அமுலு பிறந்தபோது இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், ஒரு கொத்து மயிர் இருந்தது. அம்மன் வைத்த அடையாளம் என்றார்கள். கோவிந்தம்மா அந்த இடத்துக்குத் தனியாக விபூதி பூசுவாள். பிள்ளை நடந்தாள், ஓடினாள். இடது கால் செருப்பு மட்டும் அவ்வப்போது கழன்று விழும். விழுந்தது தெரியாமலே அவள் போய்க்கொண்டிருப்பாள். "கவனம் இல்லாத கழுதை" என்று சிரித்தோம்.

பள்ளி விடுமுறை நாட்களில் அவளும் எங்களோடு ஏரிக்கு வருவாள். ஒன்பது வயது இருக்கும்... ஒரு நாள் கரையேறும்போது வரிசையில் மூத்தவரான ஏழுமலை அவளைப் பார்த்துக் கத்தினார்.

"யாய், நில்லு! கால்ல இன்னா அது?"

இடது உள்ளங்காலில் கெளுத்தி முள் ஒடிந்து நின்றது. ரத்தம் வழிந்தது. அவள் குனிந்து பார்த்தாள். "அட, ஆமா" என்றாள். அவ்வளவுதான்! ஏழுமலை முள்ளைப் பிடுங்கினார். அவள் முகம் சுளிக்கவில்லை.

"வாத்தியாரே, உன் பொண்ணு கில்லாடிப்பா! எனுக்கே இந்த தில்லு கெடியாது."

அந்த வார்த்தை எனக்குள் எப்படி இறங்கியது தெரியுமா? வாழ்நாளில் முதல்முறையாக அந்தக் கரையில் ஒருவர் என்னைக் கேலி இல்லாமல் 'வாத்தியாரே' என்று கூப்பிட்டார்.

அடுத்த விடுமுறை நாளில் அமுலு முதலில் நடந்தாள். நான் அவளுக்குப் பின்னால், இரண்டாவதாக. யாரும் கால் வைக்கத் துணியாத சிப்பித் திட்டு ஒன்று உண்டு. பெரிய இறால் அங்கேதான் ஒண்டிக்கொள்ளும். அவள் அதன்மேல் வெறுங்காலோடு ஏறிப் போனாள். நான் அவள் மிதித்த இடத்தைப் பார்த்துப் பார்த்து மிதித்தேன். ஆமாம்... ஒன்பது வயதுப் பிள்ளையின் காலைக் கேடயமாக வைத்துக்கொண்டு நடந்தேன். அன்று எங்கள் பறியை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

இதுவரைக்கும் அறியாமை என்று வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் சொல்லப்போவதுதான் குற்றம்.

பள்ளிக்கு மருத்துவ வேன் வந்தது. பெற்றோரை வரச் சொன்னார்கள். கோவிந்தம்மா ஏரியில் இருந்தாள், நான் போனேன். சின்ன வயது டாக்டரம்மா. அமுலுவின் முதுகைப் பார்த்தார். அந்த மயிர்க்கொத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பேனா மூடியால் உள்ளங்காலில் கோடு கிழித்தார். அமுலு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலில் இருந்த வெட்டுக்காயங்களை டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"இந்தக் கால் அந்தக் காலைவிடச் சின்னதா இருக்கு, கவனிச்சீங்களா?"

"இல்லீங்க."

"படுக்கையில ஒண்ணுக்குப் போறாளா? பகல்ல தன்னையறியாம துணி நனையுதா?"

போய்க்கொண்டிருந்தாள்! அந்த வருடம் தொடங்கியே அப்படித்தான். அமுலு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கை இறுகியது.

"இல்லீங்க" என்றேன்.

பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றினேன் என்று வீடு வரும் வழியில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அழகான பொய்! படித்தவன் அல்லவா, பொய்யைக்கூட நன்றாக உடுத்திவிடத் தெரியும்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். முதுகுத் தண்டுக்குள் போகிற நரம்புக் கற்றை இவளுக்கு முதுகின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிள்ளை வளர வளர அது இழுபடும். காலும் மூத்திரப்பையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வரும். சென்னையில் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் அறுவை சிகிச்சை செய்து விடுவித்துவிடலாம். "தள்ளிப்போடாதீங்க. போனது திரும்பி வராது. அதுவரைக்கும் இவளை ஏரியில எறக்காதீங்க. காயம் பட்டா இவளுக்குத் தெரியாது."

எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. தண்ணீர் வற்றியிருக்கும்போது படகைக் குட்டைக் கயிற்றில் கட்டிவிட்டுப் போனால், முகத்துவாரம் வழியாகத் தண்ணீர் ஏறும்போது என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். படகு மேலே வரப் பார்க்கும்; கயிறு விடாது. அதே கணக்குத்தான். தலையாட்டினேன்.

வீட்டில் கோவிந்தம்மா கேட்டாள்: "இன்னாவாம்?"

"ரத்தம் கம்மியாம். கீரை குடுக்கச் சொன்னாங்க."

ஏன்? ஏன் அப்படிச் சொன்னேன்?

காசில்லாமல் மறைத்தேன் என்று சொன்னால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். ஏழை, என்ன செய்வான் என்று. அந்தச் சலுகையும் எனக்கு வேண்டாம். அரசு மருத்துவமனை, இலவசம் என்று டாக்டரம்மாவே சொன்னார். பயமா? அறுவை சிகிச்சை என்றால் எல்லோருக்கும் பயம்தான். ஆனால் அதுவும் இல்லை. அமுலு சிகிச்சைக்குப் போனால் நான் மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். இவ்வளவுதான் விஷயம்! எறாலுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கிறவனாக மறுபடியும் நிற்க வேண்டும். இந்த ஒரு விடுமுறை போகட்டும் என்று நினைத்தேன். பிறகு அடுத்த விடுமுறை. பிறகு மழை நின்று இறால் நன்றாக விழுகிற காலம் வந்துவிட்டது...

சொல்லவே கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன். இதைவிடக் கேவலமானது இன்னும் பாக்கி இருக்கிறது.

அமுலு பாயை நனைத்தாள். பத்து வயதில், பதினொரு வயதில். கோவிந்தம்மாவுக்கு அது திமிராகவும் சோம்பலாகவும் பட்டது. "வயசுக்கு வரப்போற பொண்ணு! எழுந்து வெளிய போறதுக்கு இன்னாடி கேடு?" என்று தென்னை விளக்குமாற்றால் அடிப்பாள். அமுலு "தெரிலமா, தெரிலமா" என்று அழுவாள். பள்ளிப் பாவாடை நனைந்து வந்த நாளில் அந்தப் பாவாடையைக் கையில் கொடுத்து வாசலிலேயே நிற்க வைத்தாள். தெருவே பார்த்தது.

அதே வாசலில் உட்கார்ந்து நான் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன்.

அது நோய் என்று தெரிந்த பெரியவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான். "அடிக்காதே, அவள்மேல் தப்பில்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பாள். அதற்குப் பயந்து பக்கத்தைப் புரட்டினேன். புரட்டியது நினைவிருக்கிறது. படித்தது எதுவும் நினைவில்லை.

அமுலுவுக்கு ஏரி என்றால் உயிர். ஒரு நாள் கழுத்தளவு தண்ணீரில் என் பக்கத்தில் வந்து சொன்னாள்: "ஏரிக்குள்ள இருந்தா சூப்பரா கீது நைனா. நனைஞ்சாலும் யாருக்கும் தெரியாது."

நான் சிரித்தேன். சிரித்தேன்!

அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது கயிறு முழுவதுமாக இறுகிவிட்டது. இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. கெண்டைக்கால் சூம்பியது. சிப்பி கிழித்த காயம் ஒன்று குதிகாலில் சீழ் பிடித்து நாற்றம் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. ஒரு காலையில் பாயிலிருந்து எழுந்தவள் அப்படியே சரிந்தாள். வலது காலும் நிற்கவில்லை.

கோவிந்தம்மா அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். பொன்னேரியில் பார்த்துவிட்டு உடனே சென்னைக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். மருத்துவ வேனில் வந்த அந்தச் சின்ன வயது டாக்டரம்மா விரலால் தடவிப் பார்த்துச் சொன்னதையேதான் அந்தப் பெரிய இயந்திரமும் சொன்னது.

அறுவை சிகிச்சை செய்யப்போகிற பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்தார்.

"இவ்வளவு நாள் யாருமே சொல்லலையா? ஸ்கூல்ல டாக்டருங்க வந்திருப்பாங்களே?"

கோவிந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "யாரும் சொல்லலீங்க சாமி. சொல்லியிருந்தா வுட்டுட்டு இருப்பமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பிறகு அவள் கேட்டாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இவ வயித்துல இருக்கறப்ப ஏரில குனிஞ்சி குனிஞ்சி வேலை செஞ்சேங்க. அதான் புள்ளைக்குக் காலு சூம்பிப்போச்சின்றாங்க ஊர்ல. அதாலயா சாமி?"

"இல்லம்மா. இது பிறவியிலயே வர்றது. நீங்க செஞ்ச எதுவும் காரணம் இல்லை."

அவர் தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் ஊர்ப் பெண்கள் சொன்னது அவளுக்குள் முன்னாலேயே வேர்விட்டிருந்தது. டாக்டர் ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். அந்த நிமிடம் நான் வாயைத் திறந்திருந்தால் அந்த வேர் அறுந்திருக்கும். பழிக்கு உட்கார ஓர் இடம் தேவைப்பட்டது. அது அவளிடம் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கு வசதியாக இருந்தது. என்ன மனிதன் நான்?

அறுவை சிகிச்சை வெகு நேரம் நடந்தது. முடிந்ததும் பல நாள் அமுலு குப்புறவே கிடந்தாள். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர் கசியக் கூடாது என்று அசையவிடவில்லை. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்திருப்பாள். கோவிந்தம்மா தரையில் உட்கார்ந்து, அந்த முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டு, கரண்டியால் கஞ்சி ஊட்டுவாள். "அடிச்சனேடி... உன்ன அடிச்சனேடி..." என்று அழுவாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் அவளைத் தேற்றினார்கள். என்னையும் தேற்றினார்கள். தட்டிக்கொடுத்தார்கள். நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

"ஒட்டியிருந்ததை விடுவிச்சாச்சு" என்றார் டாக்டர். "இனிமே மோசமாகாது. ஆனா போனது எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது."

வலது கால் திரும்பியது. இடது கால் திரும்பவில்லை. இன்று அமுலுவுக்குப் பதினெட்டு வயது. முழங்கால் வரைக்கும் பிளாஸ்டிக் பட்டை மாட்டிக்கொண்டு, இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து நடக்கிறாள். சிறுநீரை அவளாகக் கழிக்க முடியாது. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை சிறு குழாயைத் தானே செருகி வெளியேற்ற வேண்டும். பையில் புத்தகத்தோடு அந்தக் குழாயும் போகும். பொன்னேரிக் கல்லூரியில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத நாளில் அவள் வகுப்புக்குப் போகாமல் திரும்பிவிடுகிறாள்.

முன்பே செய்திருந்தால் கால் பிழைத்திருக்குமா? பெரிய டாக்டரைத் தனியாகப் பார்த்து ஒருமுறை கேட்டேன். "பிழைச்சிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். அந்த 'லாம்' எனக்கு ஆறுதல் தரும் என்று நினைத்தாரோ என்னவோ. உறுதியாகச் சொல்லியிருந்தால் ஒரே அடியாக விழுந்திருப்பேன். இப்போது தினமும் விழுகிறேன்.

நான் இன்றும் ஏரிக்குப் போகிறேன். வரிசையின் கடைசியில் நடக்கிறேன். இப்போது யாரும் கேலி செய்வதில்லை. "பாவம், வாத்தியாரு" என்று எனக்கு இடம் விட்டுத் தருகிறார்கள். கோவிந்தம்மா ஏரியில் இறங்குவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு அவளே விதித்துக்கொண்ட தண்டனை. அந்தக் கைகள் இப்போது அடுத்தவர் வீட்டு இறாலைத் தோலுரிக்கின்றன.

போன மாதம் சென்னையில் பரிசோதனை முடிந்து அமுலுவும் நானும் மட்டும் திரும்பிக்கொண்டிருந்தோம். திருப்பாலைவனத்தில் பேருந்து பழுதாகி நின்றது. மற்றவர்கள் எல்லாம் இறங்கிவிட்டார்கள். வெயில். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து காலிலிருந்த பட்டையைக் கழற்றி, பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புண் ஏதாவது வந்திருக்கிறதா என்று தினமும் கண்ணால்தான் பார்க்க வேண்டும். வலி வந்து சொல்லாது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. உடைந்துவிட்டேன்.

"அமுலு... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ சின்ன புள்ளையா இருந்தப்ப வேன்ல ஒரு டாக்டரம்மா வந்தாங்க..."

"தெரியும் நைனா."

அவள் நிமிரவில்லை. பட்டையின் வாரை இறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"நான் எங்க இருந்தேன்னு நெனச்ச? உன் கையப் புட்சிகினுதான நின்னேன். அவங்க சொன்னது எல்லாம் கேட்டுச்சி."

"ஏன்... அம்மாகிட்ட நீ சொல்லல?"

"எனுக்கும் ஏரி வேணும்னு இருந்துச்சி. எனுக்கு ஒம்போது வயசு நைனா." அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "நீ பெரியவன்."

அவள் கத்தியிருக்கலாம், அழுதிருக்கலாம், என்னை அறைந்திருக்கலாம். எதுவும் செய்யவில்லை. நான்தான் அழுதேன். வீட்டுக்குப் போனதும் கோவிந்தம்மாவின் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்லாத."

"இல்லம்மா, அவ தன் மேலயே பழி போட்டுகினு..."

"சொல்லாதன்றேன்ல! வவுத்துல இருந்தப்ப தெரியாம செஞ்சதுனு நெனச்சினு கீது அம்மா. அதயாவது தாங்கிக்கும். நீ தெரிஞ்சும் கம்னு இருந்தப்ப, தான் என்னைத் தெனமும் அடிச்சதுனு தெரிஞ்சா செத்துடும். உன்னக் காப்பாத்தச் சொல்லல நைனா. உனக்காக ஒண்ணும் இல்ல. அம்மாவுக்காக."

பேருந்து கிளம்பியது. மீதி வழியில் அவள் கல்லூரிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்க என்ன உரிமை இருக்கிறது?

பார்த்தீர்களா, என் நிலையை! வாயைத் திறக்க வேண்டிய காலத்தில் கோழையாக மூடிவைத்தேன். இப்போது திறக்கத் துணிவு வந்துவிட்டது, திறக்கக் கூடாது என்று உத்தரவு. அதனால்தான் முகம் தெரியாத உங்களிடம் வந்து கொட்டுகிறேன். கோவிந்தம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. இது அச்சில் வந்து எங்கள் வீட்டு முற்றத்தில் கிடந்தாலும், இறால் தோலைக் கொட்டுவதற்கு விரித்துக்கொள்வாள்.

இன்று காலை அமுலு கல்லூரிக்குக் கிளம்பி, சாய்ந்து சாய்ந்து தெருமுனை திரும்பினாள். அவள் மறையும்வரை கோவிந்தம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எல்லாம் நான் செஞ்ச பாவம்யா" என்றாள்.

"விடு" என்றேன்.